சதுர கிலோமீட்டருக்கு முப்பது பேர்

ஸானன், சுவிட்சர்லாந்து
23 நவம்பர் 2025

அன்புள்ள நஸீஹா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை எந்த அளவில் இருக்கிறது? இத்ரீஸ் மச்சானும் அவர் தம்பி இம்ரானும் சுகமா?

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஒரு மாதமாக எழுதாததற்கு மன்னிக்கவும். பயிற்சி இருந்தது. கைப்பேசிகளை நிறுவனம் வாங்கி வைத்துக்கொள்ளும். அது இங்குள்ள வழக்கம். இனிமேல் அலுவலகக் கணினியிலிருந்து இந்த மின்னஞ்சலில் எழுதுவேன். நீயும் இதற்கே எழுது. அழைக்க முயல வேண்டாம்.

ஓர் உல்லாச விடுதியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. விருந்தினர்களுடன் கணினி வழியாக ஆங்கிலத்தில் உரையாட வேண்டும். ஊர் மிகவும் அழகு. மலைகள், பசும்புல், பசுக்கள், மர வீடுகள். மக்கள் நேர்மையானவர்கள். என்னை அனுப்பி வைத்த ராமதாஸ் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல். அவர் சொன்னது போலவே எல்லாம் இருக்கிறது.

எனக்காக துஆ செய்யவும்.

உன் தம்பி
இக்மல்

*

ஜார்ஜ் டவுன்
பினாங்கு, மலேசியா
30 நவம்பர் 2025

தம்பி இக்மலுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதம் வந்த பிறகுதான் இந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கியது. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியும் இறங்கியும் இருக்கிறது. கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "ஊர்ல உள்ள மாட்டையெல்லாம் எழுதிருக்கான், கறி கெடைக்குதான்னு எழுதல பாரு" என்றாள்.

டிப்ளோமாவை வைத்துக்கொண்டு மழையில் மோட்டாரில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவன், இன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று நம் அடுக்குமாடி முழுக்கச் சொல்லிவிட்டாள். நானும் தடுக்கவில்லை.

போன ஞாயிறு அத்தாவுக்கு ஃபாத்திஹா ஓதினோம். நம்மைப் பெற்ற அத்தா மௌத்தாகி ஐந்து வருடம் ஆகிவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் நெய்ச்சோறு கொடுத்தோம். நீ இல்லாமல் இதுதான் முதல் தடவை. கபுரில் நீ நட்ட மல்லிகைக்கு இம்ரான் தண்ணீர் ஊற்றினான்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. நீ எப்போதிருந்து இப்படிப் பாடப்புத்தகம் மாதிரி எழுத ஆரம்பித்தாய்? "அக்கா, மாக்கான் ஆச்சா, ஓகே லா" என்று, சாப்பிட்டாயா என்பதைக்கூட மூன்று மொழியைப் பிசைந்து அனுப்புகிறவன் நீ. "மன்னிக்கவும்" என்று பிறந்ததிலிருந்து என்னிடம் சொன்னதில்லை. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இத்தனை வருடம் குறை பார்க்கிற வேலையே செய்து என் கண் கெட்டுப்போயிருக்கிறது. நல்லதாக ஒன்று வந்தாலும் திருப்பிப் பார்க்கிறது.

அறையில் உன்னோடு யார் இருக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறாய்? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது? ஒரு படம் அனுப்பு. அம்மா உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
நஸீஹா

*

ஸானன்
28 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா மருந்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்.

ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேட்டிருந்தாய். எங்கள் நிர்வாக மாவட்டத்தின் பெயர் ஓபர்சிம்மென்டால்-ஸானன். பெர்ன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ளது. 2010ஆம் ஆண்டு பழைய மாவட்டங்கள் இரண்டைச் சேர்த்து உருவாக்கினார்கள். இதில் ஏழு ஊராட்சிகள். ஸானன், ஸ்வைசிம்மன், லெங்க் ஆகியவை பெரியவை. பரப்பளவு ஐந்நூற்று எழுபது சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மக்கள்தொகை சுமார் பதினேழாயிரம். சதுர கிலோமீட்டருக்கு முப்பது பேர்கூட இல்லை. சிம்மே, ஸானே என்று இரண்டு ஆறுகள் இரண்டு பள்ளத்தாக்குகளில் ஓடுகின்றன. தெற்கே மூவாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள். இங்கே ஜெர்மன் பேசுகிறார்கள். மேற்கே மாநில எல்லையைத் தாண்டினால் பிரெஞ்சு. தொழில் கால்நடை வளர்ப்பும் சுற்றுலாவும். உலகப் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வருகிறார்கள்.

உணவுக்குக் குறைவில்லை. படம் எடுக்க அலுவலகத்தில் அனுமதி இல்லை.

இம்ரான் எப்படி இருக்கிறான்? அவனுடைய தொழிற்சாலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா? இங்கே ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஆங்கிலம் தெரிந்தால் போதும்.

உன் தம்பி
இக்மல்

*

ஜார்ஜ் டவுன்
4 ஜனவரி 2026

இக்மல்,

ஸலாம். எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி, இரண்டு மாடி இறங்குவதற்குள் நான்கு பேரைத் திட்டுகிறாள்.

நான் கேட்டது ஒரு ஜன்னல். நீ ஒரு மாவட்டத்தையே அனுப்பியிருக்கிறாய். அறையில் யார் என்று கேட்டேன். பதினேழாயிரம் பேர் என்கிறாய். அதில் ஒருத்தர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரன் குறட்டை விடுவான், சமையல்காரன் உப்பு அதிகம் போடுவான் என்று ஏதாவது எழுது. உனக்குப் பேச ஆள் கிடைத்தால் பாதி நாள் அவரைக் கிண்டல் செய்வாயே.

ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து இம்ரான் தரையில் நிற்கவில்லை. வரைபடத்தில் உன் மாவட்டத்தைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டான். நம் தீவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம், ஆட்கள் நம் அடுக்குமாடிகளையும் பக்கத்துத் தாமான் வீடுகளையும் சேர்த்தால் வருகிற அளவு. "மதினி, அங்க கார் நிறுத்த எடம் தேடிச் சண்டையே வராது லா" என்கிறான். அவன் ஒப்பந்தத்தை மூன்றாவது தடவையாக ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டியிருக்கிறார்கள். நிரந்தரம் என்ற சொல்லை அந்தக் கம்பெனியில் மேலாளர்கள் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் கொஞ்சம் பொறுப்போம் என்றேன். உன் மச்சான் கோபப்பட்டார். "ஒன் தம்பி போனப்ப துஆ கேட்ட. என் தம்பி போறான்னா மட்டும் கேள்வி கேக்குற."

படம் எடுக்க அலுவலகத்தில்தானே அனுமதி இல்லை. தெருவில் எடு.

அக்கா

*

ஸானன்
1 மார்ச் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புனித ரமலான் வாழ்த்துகள். அம்மா நோன்பு வைக்கிறாளா? மருத்துவரைக் கேட்காமல் வைக்க விடாதே. மச்சானும் இம்ரானும் நலமா?

இரண்டு மாதமாக வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

நானும் நோன்பு வைக்கிறேன். சிரமம் இல்லை. மாலை ஆறேகாலுக்குத் திறக்கிறோம். நம் ஊரைப் போலவே நாள்தோறும் அதே நேரம்தான். நேர அட்டையைப் பார்க்கவே தேவையில்லை.

இம்ரானின் விஷயத்தை மேலாளரிடம் பேசிவிட்டேன். இடம் தயாராக இருக்கிறது. ராமதாஸ் அண்ணன் பெருநாள் முடிந்ததும் வீட்டுக்கு வருவார். பயணத்துக்கு வேண்டிய கடப்பிதழை அவரிடம் கொடுக்கட்டும். தாமதித்தால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். இம்ரான் வந்தால் எனக்கும் நல்லது அக்கா. மிகவும் நல்லது.

உன் தம்பி
இக்மல்

*

ஜார்ஜ் டவுன்
8 மார்ச் 2026

இக்மல்,

ஸலாம். உனக்கும் நோன்பு கபூலாகட்டும். அம்மா மருத்துவரைக் கேட்டாள், அவர் வேண்டாம் என்றார், அவள் வைக்கிறாள்.

ஒரு சின்ன விஷயம். என் வரிசையில் வேலை செய்கிற ரொஸ்னாவின் மகள் போலந்தில் மருத்துவம் படிக்கிறாள். தினமும் அம்மாவை அழைத்துப் புலம்புவாளாம். "இன்னிக்கும் ரெண்டு நிமிஷம் தள்ளிப்போச்சும்மா, இப்படியே போனா பெருநாளைக்குள்ள நான் காஞ்சுருவேன்." குளிர் முடிந்து வெயில் வரும் காலத்தில் அந்தப் பக்க நாடுகளில் பொழுது நீண்டுகொண்டே போகுமாம். முதல் நோன்பு திறக்க ஒரு நேரம், கடைசி நோன்பு திறக்க வேறு நேரம்.

நீயும் அந்தப் பக்கம்தான் இருக்கிறாய். உனக்கு மட்டும் ஏன் சூரியன் நகரவில்லை?

பினாங்கில் பிறந்தவர்களுக்கு இது தோன்றாது. நமக்கு மாதம் முழுக்க ஏழரையை ஒட்டித்தான் பாங்கு. உலகமே அப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் தினமும் பசியோடு கடிகாரத்தைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாமல் போகாது. அவளுக்குத் தெரிகிறதே.

நீ நோன்பு வைக்கவில்லை, அதை என்னிடம் சொல்லக் கூச்சம், அவ்வளவுதான் என்றால் சொல்லிவிடு. நான் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். வேறு எதுவாக இருந்தாலும் அதையும் சொல்.

இம்ரான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். ஏப்ரல் கடைசியில் பயணம். அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

அக்கா

*

ஸானன்
11 ஏப்ரல் 2026

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்துகள், தாமதமாக. அத்தாவும் அம்மாவும் நலமா? அத்தாவின் உடல்நிலை எப்படி இருக்கிறது? அவரைத்தான் இப்போது அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

நோன்பு திறக்கும் நேரத்தைப் பற்றி நீ கேட்டது சரி. நான் கவனக்குறைவாக எழுதிவிட்டேன். பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் இங்கு மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்தது. நோன்பு முடியும்போது ஆறேமுக்கால் ஆகிவிட்டது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தினோம். இப்போது இரவு எட்டு மணி கடந்துதான் இருட்டுகிறது. பள்ளத்தாக்கில் பனி உருகிவிட்டது. ஸானே ஆற்றில் நீர் பெருகியுள்ளது.

இம்ரானுக்கு எல்லாம் தயார். மேலாளர் ஆவலாக எதிர்பார்க்கிறார். ஒன்றே ஒன்று. புறப்படும் முன் இம்ரான் அத்தாவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அத்தா தன் வாயால் "போய் வா" என்று சொன்னால் மட்டும் வரட்டும். அவர் அனுமதி இல்லாமல் யாரும் இங்கே வரக் கூடாது என்பது என் விருப்பம். நான் அவரைக் கேட்காமல் வந்துவிட்டேன். நானும் அவரோடு போய் இருந்துவிடலாம் என்று சில நாட்களில் தோன்றுகிறது.

உன் தம்பி
இக்மல்

*

ஜார்ஜ் டவுன்
17 ஏப்ரல் 2026
(அனுப்பாத கடிதம்)

இக்மல்,

இதை அனுப்ப மாட்டேன். ஆனால் எழுதாவிட்டால் யார் மீதாவது கை வைத்துவிடுவேன்.

உன் கடிதத்தை வழக்கம் போல அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். "அத்தாவும் அம்மாவும் நலமா" என்ற இடத்தில், இறந்துபோனவரை நீ நலம் கேட்க மாட்டாய், நான்தான் ஏதோ தப்பாக வாசித்துவிட்டதாக நினைத்துத் தாண்டிப் போனேன். அம்மா கையைத் தூக்கினாள்.

"திருப்பிப் படி."

படித்தேன்.

"புள்ளைக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். இம்ரான் அத்தாவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற இடம் வந்ததும் முட்டி வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். "இல்ல. புத்தி இருக்கு. கபுருக்குப் போய்க் கேக்கச் சொல்றான். இம்ரான எங்கேயும் அனுப்பாதீங்க."

உன் மச்சான், நல்லவேளையாக இன்னும் ராமதாஸ் கைக்குப் போகாத இம்ரானின் கடப்பிதழை எடுத்து அரிசி டின்னுக்குள் அமுக்கிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

சூரியனைப் பற்றிய உன் பதிலில் ஒரு குறைகூட இல்லை. தொழிற்சாலையில் அப்படி ஒரு மின்சுற்றுப் பலகை வந்தால் நான் சந்தேகப்பட்டு அதைத் தனியே எடுத்து வைப்பேன். நீ பார்த்து எழுதியதல்ல அது. நான் கேட்ட பிறகு யாரோ உன்னை உட்கார வைத்துத் திருத்தியது. என் கடிதத்தை உனக்கு முன்னால் வேறு யாரோ படித்திருக்கிறார்கள்.

ரொஸ்னாதான் ஜுருவில் ஒருவனைக் காட்டினாள். ஜெயராஜ். கார் கழுவும் கடையில் வேலை. உன்னைப் போலவே வெளிநாட்டு வேலை என்று போய், மோசடிக் கும்பலிடமிருந்து போன வருடம் உயிரோடு திரும்பி வந்தவன். விஷயத்தைச் சொன்னேன். நுரைக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க நான் நோர்வேக்காரன் அக்கா," என்றான். "எண்ணெய்க் கப்பல் இன்ஜினியர். பொண்டாட்டி செத்துப்போச்சு, ஒரே மக. ஊரு, ஆறு, ஜனத்தொகை எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணும். அமெரிக்காவுல தனியா இருக்கிற பொம்பளைங்க கேப்பாங்கல்ல, உங்க ஊரு எப்படி இருக்கும்னு. ஆச காட்டி உள்ளதையெல்லாம் கறந்துடணும். தடுமாறுனா அடி. இன்னும் மறக்கல. வேணும்னா கேளுங்க, சொல்றேன்."

நான் கேட்கவில்லை.

"உங்க தம்பி எந்த ஊரு?"

"ஸானன்."

"பணக்கார எடம். அப்ப நல்லா இங்கிலீஷ் பேசுவாப்ல."

வீட்டுக்கு எழுதுவதைக் கணினியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். பேச்சு மாதிரி எழுதினால் கணினிக்குப் புரியாது, அதற்கும் அடி. உன் பாடப்புத்தகத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. கணினிக்கு எல்லாம் தெரியும். நம் அத்தா இறந்துபோனது மட்டும் தெரியாது; நான் எழுதிய மௌத்தும் கபுரும் அதற்குப் புரிந்திருக்காது.

"எங்க வச்சிருப்பாங்க?" என்று கேட்டேன். கம்போடியாவாக இருக்கலாம், மியன்மார் எல்லையாக இருக்கலாம் என்றான். சுற்றிலும் சுவர், சுவருக்கு மேல் கம்பி. மாலையில் எப்போதும் ஒரே நேரத்தில் இருட்டுமாம்.

காவல் நிலையத்துக்குப் போனேன். அதிகாரி கணினியைத் தட்டிப் பார்த்தார். போன அக்டோபரில் நீ விமானம் ஏறவே இல்லை. தரைவழியாகத் தாய்லாந்துக்குள் போயிருக்கிறாய். ராமதாஸ் உன்னை கோலாலம்பூர் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று நம் வாசலில்தான் காரில் ஏற்றினான். நான் கையசைத்தேன்.

"அக்கா, சுவிட்சர்லாந்துக்கு உங்க தம்பி பஸ்லயா போனாரு?" என்று மலாயில் கேட்டார் அந்த அதிகாரி. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "அவரா விரும்பித்தானே போனாரு. கடிதம் வேற போடுறாரு. இதுல புகார் என்ன லா?"

புகார் எழுதும் வரைக்கும் நகர மாட்டேன் என்று உட்கார்ந்தேன். எழுதினார்கள். எந்த நாடு, எந்த இடம் என்று கேட்ட கட்டத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. உன்னைப் பேராசைக்காரன் என்கிறார்கள். படிக்க வைத்துவிட்டு வேலை கொடுக்காத ஊரை யாரும் எதுவும் சொல்வதில்லை. ஜுருவில் ராமதாஸின் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. "நம்ம புள்ளைங்களுக்கு நல்லது பண்றாரு" என்று அவனுக்குக் கை கொடுத்த பெரிய மனிதர்கள் இப்போது என்னைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போகிறார்கள்.

கடைசியாக உன்னிடம். ஜெயராஜ் ஒன்று சொன்னான். "ஆள் ஒருத்தன இழுத்துட்டு வந்தா அடி நிக்கும் அக்கா. வரலைன்னா வேற கம்பெனிக்கு வித்துடுவானுங்க." இம்ரான் வந்தால் எனக்கும் மிகவும் நல்லது என்று நீ மார்ச்சில் எழுதினாய். ஏப்ரலில் அத்தாவைக் கேட்கச் சொல்கிறாய். முதலில் அவனைக் கூப்பிட்டவனும் நீதான். சூரியனைப் பற்றி நான் கேட்காமல் இருந்திருந்தால் நீ அத்தாவைக் கூப்பிட்டிருப்பாயா? இந்தக் கேள்வி மூன்று நாளாக என்னோடு தூங்கி எழுந்திருக்கிறது. உன்னை நம்பவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை.

இப்போது நான் எழுதப்போகிற கடிதத்தில் இம்ரான் வர மாட்டான் என்று சொல்ல வேண்டும். அதைப் படித்ததும் உன்னை என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டே சொல்ல வேண்டும்.

*

ஜார்ஜ் டவுன்
19 ஏப்ரல் 2026

அன்புள்ள தம்பி இக்மலுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் அனைவரும் நலம். உன் பதில் மிகவும் தெளிவாக இருந்தது. என் சந்தேகம் தீர்ந்தது.

நீ சொன்னபடியே இம்ரானும் மச்சானும் நானும் அத்தாவைப் போய்ப் பார்த்தோம். நீண்ட நேரம் இருந்தோம். இம்ரான் இரண்டு முறை கேட்டான். அத்தா வாய் திறக்கவில்லை. அவருடைய பிடிவாதம் உனக்குத் தெரியும். அதனால் இம்ரானின் பயணம் நின்றுவிட்டது. இதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை என்று உன் மேலாளரிடம் தயவுசெய்து தெரிவி. நீ உன்னால் முடிந்த அளவு முயன்றாய். தடுத்தவர் அத்தா. நிறுவனத்துக்குக் கோபம் இருந்தால் அவர் மீது இருக்கட்டும். அவர் தாங்குவார்.

சில நாட்களில் அத்தாவோடு போய் இருந்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். கூடாது. அவர் கூப்பிட்டாலும் போகாதே. அவருக்கு உதவ ஆள் தேவையில்லை. மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்ற நாங்கள் இருக்கிறோம். அம்மா கூப்பிட்டால் மட்டும் வா. அம்மா தினமும் கூப்பிடுகிறாள்.

வழக்கம் போல எழுதிக்கொண்டிரு. உன் ஊரைப் பற்றி எழுது, ஆற்றைப் பற்றி எழுது. எதை எழுதினாலும் நான் படிப்பேன். அத்தாவை நலம் விசாரிக்க மறக்காதே.

உன் அக்கா
நஸீஹா

*

ஸானன்
14 ஜூன் 2026

மதிப்பிற்குரிய நஸீஹா அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் பெயர் குணாளன். நான் இக்மலின் நண்பன். அவரோடு ஒரே அறையில் இருந்தேன்.

இக்மல் மே மாதம் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். அங்கே மின்னஞ்சல் வசதி இல்லை. நலமாக இருக்கிறார், கவலைப்பட வேண்டாம். அவருடைய மேசையை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இந்த முகவரியும் எனக்கு வந்துவிட்டது. இனி நான் உங்களுக்கு எழுதலாம் என்று மேலாளர் சொன்னார்.

இங்கே இப்போது கோடைக்காலம். எங்கள் மாவட்டத்தில் ஏழு ஊராட்சிகள். மக்கள்தொகை சுமார் பதினேழாயிரம். மலைப்புல் பூத்திருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டுகிறது. மக்கள் நேர்மையானவர்கள். உங்கள் உறவினர் இம்ரான் மனம் மாறினால் இடம் இன்னும் இருக்கிறது. வேறு இளைஞர்கள் இருந்தாலும் தெரிவிக்கவும்.

உங்கள் அத்தாவின் உடல்நலம் எப்படி இருக்கிறது? இக்மல் புறப்படும் முன் அவரைப் பற்றி என்னிடம் நிறையச் சொன்னார். தவறாமல் அவரை விசாரிக்கச் சொன்னார்.

இப்படிக்கு
குணாளன்

*

ஜார்ஜ் டவுன்
15 ஜூன் 2026

அன்புள்ள தம்பி குணாளனுக்கு,

வணக்கம். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். கடைசிப் பத்தியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். "இவனும் சாப்பிட்டானான்னு கேளு" என்றாள். சாப்பிட்டாயா?

அத்தா அப்படியே இருக்கிறார். அவரை விசாரித்ததற்கு நன்றி. நீ எங்கள் வீட்டுப் பிள்ளை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

இக்மலின் புதுக் கிளையைப் பற்றிக் கேள்விப்பட்டால் எழுது. அங்கேயும் வேலை கடினமா, யாரோடு போனான், வழியில் ஆறு குறுக்கிட்டதா, மலை குறுக்கிட்டதா என்று எதுவானாலும் எழுது. எனக்குப் புவியியலில் இப்போது ஆர்வம் அதிகம்.

இம்ரான் வேண்டாம். வேறு இளைஞர்கள் உண்டா என்று விசாரிக்கிறேன். அதற்குக் கொஞ்ச காலம் ஆகும். என் சார்பில் உன் மேலாளரைப் பொறுமையாக இருக்கச் சொல். நாம் அடிக்கடி கடிதம் எழுதிக்கொண்டே இருப்போம்.

அதற்கு முன் ஒரு மரியாதை பாக்கி இருக்கிறது. உன் வீட்டாரை நான் இன்னும் நலம் விசாரிக்கவில்லை. எங்கள் பழக்கத்தில் அது பெரிய தவறு. உன் அம்மா பெயர் என்ன? எந்த ஊர், எந்த தாமான், எத்தனையாவது வீடு? நான் நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் சுகத்தைக் கேட்டு உனக்கு எழுதுகிறேன். எங்கள் அத்தாவைப் போல வாய் திறக்காத பெரியவர் யாராவது உன் வீட்டில் இருந்தால் அவரையும் நலம் விசாரித்து எழுது. அவரையும் போய்ப் பார்க்கிறேன்.

பதினேழாயிரம் பேரை நான் ஒரே மூச்சில் விசாரிக்க முடியாது. உன் வலது பக்க மேசையில் இருப்பவரிடமிருந்து தொடங்கு. பெயர், ஊர், அம்மா பெயர். அடுத்த கடிதத்தில் இடது பக்கம். அதற்கடுத்து பின்வரிசை. அந்த மாவட்டத்தில் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நான் இங்கிருந்து எண்ணிக்கொள்கிறேன்.

உன் அக்கா
நஸீஹா